அலமாரியின் முதுகு

குவீன்ஸ்டவுனில் வாடகை வீடு கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்த வாரம், பழைய சாமான்களுக்கெல்லாம் பெயிண்ட் அடித்துப் புது வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சொன்னது நான்தான். அந்த யோசனையை வேறு யார் தலையிலும் போட முடியாது.

அறுபதுகளின் தொடக்கம் அது. தேக்கா பசார் சந்தைக்குப் பின்னால், கீழே மசாலா அரைக்கும் கடையும் மேலே வீடுமாக இருந்த கட்டடத்தில் நாங்கள் மூன்று பேர் குடியிருந்தோம். நான், என் கணவர், அவருடைய அக்கா. எனக்கு இருபத்து நான்கு வயது. கல்யாணமாகி நான்கு வருஷம். கணவர் துறைமுகத்தில் எழுத்தர். அவருடைய அக்காவுக்கு முப்பத்தாறு, முப்பத்தேழு இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுத்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன்.

மாடி என்பது ஒரே நீளக் கூடம். தெருப்பக்கத்து ஜன்னலோரம் அண்ணியின் தையல் மெஷினும் படுக்கையும். பின்பக்கம் எங்கள் கட்டிலும் மண்ணெண்ணெய் அடுப்பும். நடுவில் சுவர் கிடையாது. சுவருக்குப் பதிலாக ஓர் அலமாரி நின்றது. ஆள் உயரத்துக்கும் மேலே, இரண்டு கதவு போட்ட தேக்கு அலமாரி. முகம் அண்ணி பக்கம், முதுகு எங்கள் பக்கம். மீதி இடைவெளிக்கு ஒரு திரைச்சீலை தொங்கும். அலமாரியின் சாவி எப்போதும் அண்ணியின் இடுப்பில் இருக்கும்.

அண்ணிக்கும் எனக்கும் சண்டை என்று எதுவும் வந்ததில்லை. அவர் அதிகம் பேசமாட்டார். ஆனால் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லாத சில விஷயங்கள் அவருக்குத் தெரிந்திருந்தன. ஒரு மத்தியானம், தஞ்சோங் பகாரில் இருந்த என் அம்மாவுக்கு, இங்கே மூச்சு முட்டுகிறது என்று ஒரு கடிதம் எழுதினேன். எழுதியதை ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, வெட்கப்பட்டுக் கிழித்து அடுப்பில் போட்டேன். அடுத்த நாள் அண்ணி துணி வெட்டிக்கொண்டே, "அம்மா வீட்டுக்கு நாலு நாள் போயிட்டு வாயேன்மா" என்றார். கல்யாணமான இரண்டாம் வருஷம் எனக்குக் கரு தங்காமல் போனது. அது நடந்த பிறகு ஒரு மாதம் வரை, வீட்டில் யாரும் இல்லாத மத்தியானங்களில் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுவேன். முகம் கழுவி, பவுடர் போட்டு, ஒன்றும் நடக்காததுபோல இருப்பேன். அந்த மாதம் முழுக்க, சாயங்காலம் அண்ணியே எனக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். ஏன் என்று சொல்லவில்லை.

மத்தியானங்கள் என்னுடையவை என்று நினைத்திருந்தேன். ஒரு மணிக்கு நான் துணியை எடுத்துக்கொண்டு கீழே இறங்குவேன். குளியலறை கீழே, கடைக்காரர் வீட்டுக்கும் எங்களுக்கும் பொது. குளித்து, துவைத்து மேலே வரும்போது அண்ணி இருக்கமாட்டார். அவர் செருப்பும் இருக்காது. "மத்தியானத்துல வாடிக்கைக்காரங்க வீட்டுக்கு அளவு எடுக்கப் போயிடுவேன்" என்று நான் வந்த புதிதிலேயே சொல்லியிருந்தார். நாலு மணிக்கு நான் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். இடைப்பட்ட நேரம் எனக்கு. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பாடுவேன். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்ப்பேன். யாரும் இல்லாத வீட்டில் ஒரு பெண் என்னவெல்லாம் செய்வாளோ எல்லாம் செய்வேன்.

பெயிண்ட் வேலையை நாற்காலியில் தொடங்கினேன். பிறகு முக்காலி, சாப்பாடு வைக்கும் வலைபோட்ட பெட்டி. உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, இளம்பச்சை எனாமல் இரண்டு தடவை பூசினேன். கை பழகிவிட்டது. பழைய கறை ஒவ்வொன்றாக மறைவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. கடைசியில் பெரிய அலமாரி மட்டும் மிஞ்சியது.

அண்ணியிடம் கேட்டேன்.

"வெளியில பூசிக்கோ," என்றார். "உள்ள வேணாம்."

"முதுகுப் பக்கம் கரி பிடிச்சுக் கிடக்கு அண்ணி. அதையும் சுத்தம் பண்ணிடறேன்."

அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். "புது வீட்டுல அது சுவத்துப் பக்கம்தானே போவுது. முதுகுக்கு எதுக்கு பெயிண்ட்டு?"

"அசிங்கமா இருக்கே."

அவர் மறுபடி துணியின் மேல் குனிந்துகொண்டார். சரி என்று எடுத்துக்கொண்டேன்.

பல வருஷத்து அடுப்புப் புகை அந்த முதுகில் தார் மாதிரி படிந்திருந்தது. சலவைச் சோடா கரைத்த தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். மூன்று வாளி தண்ணீர் கறுப்பாகப் போன பிறகு மரம் தெரிந்தது. கறுப்போடு கறுப்பாக அதுவரை கண்ணில் படாத துளைகளும் தெரிந்தன. பென்சில் நுழையும் அளவு, மொத்தம் ஏழு. நான்கு என் கண் உயரத்தில் வரிசையாக. மூன்று கீழே, இடுப்புக்குச் சற்று மேலே. செல் அரித்தது இல்லை. செல் இவ்வளவு வட்டமாக அரிக்காது. யாரோ அளவெடுத்துத் துளைபோடும் கருவியால் போட்டது. முன்பு ஏதாவது தட்டு ஆணியடித்து மாட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு துளையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளே இருட்டு. தேங்காய் எண்ணெய் வாசனை மட்டும் மெல்ல வந்தது.

சீமைச் சுண்ணாம்புப் பொடியில் ஆளிவிதை எண்ணெய் விட்டுச் சப்பாத்தி மாவு மாதிரி மக்கு பிசைந்து, ஏழு துளைகளையும் கட்டைவிரலால் அழுத்தி அடைத்தேன். காயட்டும் என்று விட்டேன்.

மறுநாள் மத்தியானம் குளித்துவிட்டு வந்து கட்டிலில் படுத்திருந்தேன். வெயில் நல்ல உச்சம். கீழே அரவை இயந்திரம் நின்றிருந்தது; கடைக்காரர் சாப்பிடப் போகும் நேரம். அப்போது தரையில் டக் என்று ஏதோ விழுந்தது. சிறிய சத்தம், பட்டாணி விழுந்ததுபோல. எழுந்து பார்த்தேன். அலமாரியின் காலடியில் ஒரு மக்கு உருண்டை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று விழுந்தது. கீழ் வரிசையில் இரண்டு துளைகள் திறந்திருந்தன.

மக்கு சரியாக ஒட்டவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று சாயங்காலமே எண்ணெயைக் குறைத்துக் கெட்டியாகப் பிசைந்து மறுபடி அடைத்தேன். அதற்கு அடுத்த மத்தியானம் நான் படுக்கவில்லை. முக்காலியைப் போட்டு அலமாரிக்கு எதிரே உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கீழ் வரிசையின் நடுத் துளையில் மக்கு மெல்ல மெல்ல வெளியே பிதுங்கி வந்தது. மொட்டு வருவதுபோல. விளிம்பு வரை வந்து ஒரு கணம் நின்று, தரையில் விழுந்தது.

கூப்பிட ஆளில்லை. திரைச்சீலையை விலக்கி அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவும் தைரியமில்லை. வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டு, பால் வாங்கும் நேரம் வரை அங்கேயே இருந்தேன்.

பால் வாங்கி வந்தபோது அண்ணி வழக்கம்போல மெஷினில் இருந்தார்.

"அண்ணி, அலமாரிக்குள்ள எலி இருக்கு போல."

அவர் தலை நிமிரவில்லை. "எலி இல்ல," என்றார்.

கணவர் வந்ததும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சட்டையைக் கழற்றி மாட்டினார். "அதை விட்டுடு. ஓட்டை இருந்தா இருந்துட்டுப் போகுது."

"புது வீட்டுக்கு ஓட்டையோட கொண்டுபோறதா?"

"ஓட்டையோடதான் இத்தனை வருஷம் இருக்கு."

அவர் சொன்னபடி விட்டிருக்க வேண்டும். ஆனால் பயம் என்னை வேறு பக்கம் தள்ளியது. திறந்த துளைகளோடு அந்த மரத்துக்கு முன்னால் உட்கார்ந்து சோறு பொங்க என்னால் முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலை, மீ என்னும் சீன நூடுல்ஸ் விற்கும் கடைக்காரரிடம் உண்ணும் குச்சிகள் நான்கு கேட்டு வாங்கினேன். அவற்றை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒவ்வொரு துளையிலும் வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்கினேன். வெளியே நீட்டியதை அறுத்துவிட்டு, மேலே மக்குப் பூசி, தேய்த்தேன். மத்தியானம் அண்ணியை ஜன்னலோரமே உட்காரச் சொல்லிவிட்டு, முதுகு, பக்கம், கதவு, கதவின் ஓரம் எல்லாம் தடிமனாக எனாமல் பூசினேன். அண்ணி அன்று வெளியே எங்கும் போகவில்லை. மெஷினையும் மிதிக்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு நான் பூசுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு முறை, "எப்போ காயும்?" என்று கேட்டார்.

"நாளைக்கு மத்தியானம் தொடலாம் அண்ணி."

மறுநாள் சனிக்கிழமை. துறைமுகத்தில் அரை நாள்தான் வேலை என்றாலும் என் கணவர் சனிக்கிழமைகளில் ஐந்து மணிக்கு முன்னால் வீட்டுக்கு வந்ததே இல்லை. சிநேகிதர்களோடு இருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அன்று புது வீட்டின் சாவி கைக்கு வந்துவிட்டதால் இரண்டரை மணிக்கே வந்துவிட்டார். எனக்குச் சந்தோஷம். அவர் சாவியைக் காட்டினார். பிறகு திரைச்சீலைப் பக்கம் பார்த்தார்.

"அக்கா எங்க?"

"அளவு எடுக்கப் போயிருக்காங்க."

சட்டைப் பொத்தானில் இருந்த அவர் கை நின்றது. அலமாரியின் முதுகைப் பார்த்தார். பச்சையாகப் பளபளவென்று, ஒரு மேடு பள்ளம் இல்லாமல் இருந்தது. உள்ளங்கையை வைத்துத் தடவினார்.

"இதுல இருந்த ஓட்டை?"

"அடைச்சுட்டேன். இந்தத் தடவை விழாது. குச்சி வச்சு அடிச்சிருக்கேன்."

அவர் திரைச்சீலையை இழுத்துத் தள்ளிவிட்டு அந்தப் பக்கம் போனார். நானும் பின்னால் போனேன். அலமாரிக் கதவின் முன்னால் நின்று மூன்று முறை தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே இடைவெளி விட்டு.

"அக்கா, போயிட்டாங்க. வெளிய வா."

அது அவருடைய குரலே இல்லை. சின்னப் பையன் குரல். அந்த வாரம் முழுக்க நான் பயந்ததையெல்லாம் சேர்த்தாலும் அந்தக் குரலுக்குப் பயந்த அளவு வராது.

மறுபடி தட்டினார். கதவை இழுத்தார், வரவில்லை. ஓரத்தில் பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் மரம் சுரண்டும் தகட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதைக் கதவிடுக்கில் செருகி அடித்தார். பெயிண்ட் கிழிந்தும் கதவு பிடித்துக்கொண்டே இருந்தது. "உள்தாழ்ப்பாள்," என்றார். இன்னும் ஓங்கி அடித்தார். தேக்குப் பலகை விரிசல் விட்டுத் திறந்தது.

உள்ளே துணி ஒன்றும் இல்லை. ஒரு மணைப்பலகை. அதன்மேல் அண்ணி முழங்காலைக் கட்டிக்கொண்டு, முதுகுப் பலகையில் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தார். செருப்பு மடியில் இருந்தது. கையில் கம்பளி பின்னும் ஊசி, வளைந்துபோய். கீழ் வரிசைத் துளைகள் இருந்த இடத்தைச் சுற்றி மரம் புதிதாகக் கீறப்பட்டிருந்தது. எனாமல் நெடி முகத்தில் அடித்தது. அவர் கண்கள் திறந்தே இருந்தன. எங்களைப் பார்க்கவில்லை.

இருவருமாகத் தூக்கி ஜன்னலடியில் கிடத்தினோம். நான் விசிறினேன். கணவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். கொஞ்ச நேரத்தில் அண்ணி ஓங்கரித்து வாந்தி எடுத்தார். பிறகு நீளமாக ஒரு மூச்சு. முகத்தில் ரத்தம் திரும்ப அரை மணி நேரம் ஆனது.

அவர் முதலில் சொன்னது, "பெயிண்ட் வாசம் ஜாஸ்தி."

அன்று சாயங்காலம் அவரைத் தூங்கவைத்துவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து கணவர் எனக்குச் சொன்னார். ஜப்பான்காரன் காலத்தில் அண்ணிக்குப் பதினேழு வயது; இவருக்கு எட்டு. வீடு வீடாகச் சிப்பாய்கள் வரும்போது பெண்ணை ஒளித்துவைக்க அவர்கள் அப்பா அந்த அலமாரிக்கு உள்தாழ்ப்பாள் போட்டு, மூச்சுக்குத் துளையும் போட்டார். நின்றாலும் தெரிய மேலே நாலு, உட்கார்ந்தாலும் தெரியக் கீழே மூன்று. சிப்பாய்கள் போன பிறகு மூன்று தட்டு தட்டுவது இவருடைய வேலை. தட்டு கேட்காமல் வெளியே வரக்கூடாது. பிறகு அப்பாவை சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை.

"ஒரு நாள் அம்மா கிழங்கு வாங்க ஜொகூர் போயிருந்தாங்க, வர ரெண்டு நாள் ஆகும். சிப்பாய்ங்க வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. கீழ லாரி நின்னுச்சு. நான் லாரி பாக்க ஓடினேன். அது பின்னாலயே ரொம்ப தூரம் போயிட்டேன். ரோட்டை அடைச்சுட்டாங்க, திரும்ப வர முடியல. ஒரு மலாய்க்காரங்க வீட்டுல படுக்க வச்சாங்க. மறுநாள் மத்தியானம்தான் வந்தேன். அக்கா அப்பவும் உள்ளதான் இருந்துச்சு. நான்தான் தட்டலையே."

"இப்பவும் தினம் உள்ள போறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"என்னன்னு சொல்றது?"

படியில் உட்கார்ந்திருந்த அந்த நிமிஷத்தில்தான் என் நான்கு வருஷத்து மத்தியானங்கள் ஒவ்வொன்றாக என் முன்னால் வந்தன. கிழித்துப் போட்ட கடிதம். தலையணை. கண்ணாடி. மூன்றடி தூரத்தில், பலகைக்கு அந்தப் பக்கம், ஒரு கண்.

இரண்டு நாள் நான் அண்ணியோடு பேசவில்லை. உயிர் போகப் பார்த்தவரிடம் கோபப்படுவது தப்பு என்று தெரியும்; ஆனாலும் உடம்பு கூசியது. துணி மாற்றக்கூடக் கீழே குளியலறைக்குப் போனேன். மூன்றாம் நாள் அவரே திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்து என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"உன்னப் பாக்கணும்னு போகலம்மா," என்றார். "நீ வர்றதுக்கு முன்னாடியும் போவேன். அப்போ இங்க பாக்க ஒண்ணும் இருக்காது. அடுப்பு இருக்கும், பாத்திரம் இருக்கும், அதையே பாத்துட்டு இருப்பேன்."

"உள்ள இருக்க பயமா இல்லையா?"

"உள்ள என்னா பயம்? அன்னைக்கும் உள்ள பயமே இல்ல. வெளிய வந்தப்புறம்தான். வெளிய இருந்தா எல்லாரு கண்ணுக்கும் நான் தெரியுறேன் லா."

நான் கையால் சுற்றித் துளைபோடும் கருவி ஒன்றை இரவல் வாங்கி அந்த ஏழு குச்சிகளையும் துளைத்து எடுத்தேன். யாரும் சொல்லவில்லை, நானே செய்தேன். துளையின் விளிம்பில் பெயிண்ட் உரியாமல் சுற்றி மெல்லிய தூரிகையால் சரிசெய்தேன். விரிசல் விட்ட கதவையும் பிசகிய தாழ்ப்பாளையும் சேர்த்துச் சரிசெய்து பெயிண்ட் பூசினேன்.

முடித்த பிறகு, "நான் ஒரு தடவை உள்ள போய்ப் பாக்கட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் கதவைத் திறந்துவிட்டார். மணையில் உட்கார்ந்தேன். உள்தாழ்ப்பாள் கைபட்டுக் கைபட்டு வழவழவென்றிருந்தது, போட்டேன். முதுகுப் பலகையில் ஒரு கன்னம் பதியும் அளவுக்கு மரம் எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. அதே இடத்தில் என் கன்னமும் போய்ப் பொருந்தியது. துளை வழியாக என் கட்டில் தெரிந்தது. இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அப்போது அண்ணி திரைச்சீலையைத் தாண்டி என் பக்கத்துக்கு வந்தார். அலமாரிப் பக்கம் பார்க்கவே இல்லை. கூந்தலை அவிழ்த்து ஒரு தோளில் போட்டார். என் சீப்பை எடுத்துக் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு காலை மடக்கி, நுனியிலிருந்து சிக்கெடுத்தார். நான் செய்வதுபோலவே. பிறகு முணுமுணுக்கத் தொடங்கினார். எனக்கு நானே இட்டுக்கட்டி வைத்திருந்த ஒரு மெட்டு அது; முடிவே இல்லாமல் சுற்றிச் சுற்றி வரும். நான் அதை இன்னொரு ஆள் முன்னால் ஒரு நாளும் பாடியதில்லை. நடுவில் மூச்சு வாங்க நான் நிறுத்தும் இடத்தில் அவரும் நிறுத்தினார். எழுந்து கண்ணாடி முன்னால் நின்றார். உதடு அசைந்தது. நான் கண்ணாடியிடம் என்ன சொல்வேன் என்பதைத் தெரிந்த ஒரே ஆள் உலகத்தில் அவர்தான்.

வெளியே போய்விட வேண்டும் என்று நினைத்தேன். கை தாழ்ப்பாளின் மேல்தான் இருந்தது. ஆனால் எடுக்கவில்லை. அந்த இருட்டில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே அரவை இயந்திரம் ஓடத் தொடங்கியபோது அண்ணி சீப்பை இருந்த இடத்தில் வைத்துவிட்டுத் தன் பக்கம் போய்விட்டார். நான் வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "வேர்த்துப் போச்சு பாரு" என்று தன் துண்டை நீட்டினார். அதைப்பற்றி நாங்கள் இருவரும் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

வீடு மாற்றும் நாளில் லாரிக்காரர்கள் அலமாரியை மாடிப்படியில் இறக்கப் பார்த்தார்கள். திருப்பத்தில் திரும்பவில்லை. கழற்றித்தான் இறக்க வேண்டும் என்றார்கள். கணவர் அக்காவைப் பார்த்தார். "இங்கயே இருக்கட்டும்," என்றார் அண்ணி. ஒரு தயக்கமும் இல்லாமல் சொன்னார். எங்களுக்குப் பிறகு அங்கே குடிவர இருந்த சீனக் குடும்பத்தின் அம்மா, சுத்தமாகப் பெயிண்ட் அடித்த அலமாரி சும்மா கிடைக்கிறதே என்று எனக்கு இரண்டு தடவை நன்றி சொன்னார்.

குவீன்ஸ்டவுன் வீட்டில் எல்லா அறைக்கும் சுவர் இருந்தது, கதவும் இருந்தது. அண்ணி முதல் ஆறு மாதம் பகலில் அறையை விட்டே அதிகம் வெளியே வரவில்லை. பிறகு ஒரு நாள், பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதைக் கேட்டு, சட்டை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். வரிசை வரிசையாக நூறு மெஷின்கள் இருக்கும் இடமாம். எப்படிப் போகப்போகிறார் என்று நானும் கணவரும் பயந்தோம். போனார். பதினெட்டு வருஷம் போனார்.

சிரமம் எனக்குத்தான் வந்தது. மத்தியானத்தில் அந்த வீட்டில் உண்மையாகவே நான் தனி. பாட வாய் வரவில்லை. கண்ணாடி முன்னால் நின்றால் சொல்ல ஒன்றும் இல்லை. யாரும் பார்க்காமல் இருப்பது எப்படி என்பது மறந்துபோயிருந்தது. குழந்தை பிறந்து, வீட்டில் சத்தம் நிறைந்த பிறகுதான் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சரியானது.

அதுவரை, காலையில் அண்ணி வேலைக்குக் கிளம்பியதும் நான் பொதுத் தாழ்வாரத்துக்கு வந்து நிற்பேன். ஏழாவது மாடி. கீழே அவர் நடந்து போவது, பஸ் நிறுத்தத்தில் மற்றவர்களோடு நிற்பது, கைப்பையைத் திறந்து சில்லறை தேடுவது எல்லாம் தெரியும். பஸ் வந்து அவர் ஏறும்வரை பார்ப்பேன். அவர் ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.